ராஸ்பெரி அண்ணனின் பாத்தி

மேடையில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வீட்டுத்தோட்டக் கழக உறுப்பினர்களே, வணக்கம்.

மறைந்த நம் தலைவரை ராஸ்பெரி அண்ணன் என்றுதான் எல்லோரும் அழைத்தோம். மேட்டில் இருக்கும் தன் வீட்டின் பின்வேலி முழுக்க ராஸ்பெரி வளர்த்தவர். காய்த்து முடிந்த தண்டை எப்போது வெட்டுவது, புதுத்தண்டைக் கம்பியில் எப்படிக் கட்டுவது என்று நமக்குக் காட்டியவர் யார்? அண்ணன்தான். புதிதாக யார் சேர்ந்தாலும் தன் பாத்தியில் முளைத்த பக்கக்கன்று ஒன்றைத் தோண்டி, வேர்மண்ணோடு கையில் கொடுப்பார். அதை வாங்காத வீடு இங்கே உண்டா?

அந்த வேர்மண்ணைப் பற்றிப் பேசத்தான் எழுந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய தண்டுகளின் நுனி கொக்கிபோல் வளைந்து வாடியதைப் பார்த்தேன். அடித்தண்டைக் கீறினால் உள்ளே செங்கல் நிறம். வேரழுகல் என்று செயற்குழுவில் சொன்னேன். “காலேஜ்ல பாடம் நடத்துறவருக்கு எதைப் பார்த்தாலும் நோய்தான்” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தீர்கள். அடுத்த குழுவில் எனக்கு இடமில்லை. நான் எதையும் மறக்கவில்லை.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்னது சரிதான் தம்பி. எல்லார் வீட்லயும் நான்தானே குடுத்தேன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? எனக்கப்புறம் நீ சொல்லிடு.”

“நல்ல பேரு உங்களுக்கு, கெட்ட பேரு எனக்கா?”

“உன்னைத்தான் ஏற்கெனவே யாருக்கும் பிடிக்காதே.”

கடைசியிலாவது ஒப்புக்கொண்டார். இந்த மேடையில் வேறு யார் ஒப்புக்கொண்டீர்கள்?

வாசலில் அவர் நினைவாக அவர் பாத்திக் கன்றுகளைத் தொட்டி தொட்டியாக அடுக்கியிருக்கிறீர்கள். யாரும் எடுத்துப் போகாதீர்கள். அந்த மண் விழுந்த இடத்தில் பல ஆண்டுகளுக்கு ராஸ்பெரி பிழைக்காது. நோய் தண்ணீரோடு நகரும். மேட்டு வீட்டின் மழைநீர் எங்கே இறங்குகிறது? நம் கொல்லைகளுக்குத்தான். இந்த வருடம் உங்கள் பழம் சிவக்குமுன்பே காய்ந்ததே, வெயில் என்றா நினைத்தீர்கள்?

அண்ணன் கொடுத்ததை நாம் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அவர் விட்டுப்போன பணி அதுதான். அதை முடிப்பேன் என்று அவர் படத்தின் முன்னே உறுதி சொல்கிறேன்.

அண்ணி, உங்கள் பாத்தியில்தான் தொடங்க வேண்டும். மன்னியுங்கள். வெளியே மழைக்கு வானம் கறுத்துவிட்டது. மண்வெட்டி என் வண்டியில் இருக்கிறது.

யார் வருகிறீர்கள்?