ஒரு சுரமும் இல்லாமல்

ஆவடி லோக்கலில், பெண்கள் பெட்டியில், கொரட்டூரில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவளின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு கிடார் உறை நிமிர்ந்து நின்றது.

"நேத்து ஒரு சுரம்கூட வாசிக்கலக்கா. அதுக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு."

"வாசிக்காமலேயா? இன்னாடி சொல்றே?"

"பேஸ் கிடார்ல ஃபங்க்னு தாளத்துலயே ஓடுற மியூசிக் கத்துக்கினு கீறேன்ல? சந்து கெடச்ச எடத்துல எல்லாம் ஒரு சுரத்த சொருவுறேன்னு மாஸ்டர் திட்டிட்டாரு. ஒரு வாரம் இடது கையால கம்பிங்கள மூடி வச்சுகினு, 'டக் டக்'னு தாளத்த மட்டும் அடின்னாரு."

"சரி."

"நேத்து அப்டி அடிச்சுகினு இருந்தேன். சமையக்கட்டுல எங்க மாமியார் பீன்ஸ் அரிஞ்சுகினு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல கத்தி சத்தமும் என் 'டக்'கும் ஒண்ணா விழுது. நான் வேகத்தக் கொறச்சேன், கத்தியும் கொறைஞ்சுதுக்கா!"

"கிடார் வாங்கினதுலேர்ந்து உன்னாண்ட பேசாத மாமியாரா?"

"அவங்களேதான். பயந்து கைய எடுத்துட்டேன். கத்தியும் நின்னுபோச்சு."

"அப்புறம்?"

அவள் உறையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"உள்ளேர்ந்து கொரல் வந்துச்சுக்கா. 'ஏன்டி நிறுத்திட்ட? இன்னும் பாதி பீன்ஸ் கீது.'"