திருநீற்றுச் சத்தியம்

— அரளி வேரு போதும் மச்சான். அரைச்சு வெல்லத்துல உருட்டிக் குடுத்தா, பொழுது சாயுறதுக்குள்ள மாடு வெறச்சுப் போயிரும். கொம்புப் புண்ணுல செத்துச்சுன்னு ஊரு சொல்லிக்கிரும்.

— உன் புருசன் பேயாண்டியக் குத்தின மாடுதான், தங்கப்பொண்ணு. எனக்கும் போனவன் கூடப்பொறந்தவன்தான். ஆனா இந்தக் கையால ஒரு உயிரையும் வதைக்க மாட்டேன்னு சாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— நல்லாருக்கு நாயம்! அந்தக் கொம்புல எம்புட்டு ரத்தம் வடிஞ்சுச்சுன்னு நான் பாத்தேன். உங்க சாமி பாத்தாரா?

— அழகர்மலைச் சாமியாரு என்னையப் பாத்தாக. பேயாண்டியப் பொதைச்ச கையோட, அருவாளத் தூக்கிக்கிட்டு மாட்டுக்காரன் சுருளி வீட்டுக்குப் போனவன ஓடைக்கரையில மறிச்சு உக்கார வச்சாக. அருவாள வாங்கிக்கிட்டு மருந்து அரைக்கிற கல்வத்தக் குடுத்தாக. அன்னைக்கிருந்து மாட்டு வைத்தியந்தான் என் பொழப்பு. மூணு வருசமாச்சு.

— மூணு வருசமா ஊரு மாட்டுக்கெல்லாம் மருந்து அரைச்சீக. வீட்டுல தாலியறுத்தவ ஒருத்திக்கு நெஞ்சு கொதிக்குதே, அதுக்கு என்ன அரைச்சீக? வெள்ளக்காரன் கச்சேரிக்குப் போனேன். மாட்டுக்கு வெலங்கு மாட்டச் சொல்றியாம்மான்னு சிரிச்சாக. வீட்டுக்கு வந்தேன். நீங்க கண்ண மூடி உக்காந்திருந்தீக.

— மாடு என்ன செஞ்சது தங்கப்பொண்ணு? பழக்கினதச் செஞ்சது.

— சரி, கொல்ல வேணாம். திருப்பி அனுப்புங்க. புழுத்துச் சாகட்டும்.

— வாசலுக்கு வந்த சீவனத் திருப்பக் கூடாதுங்கிறது சாமி சொன்ன ரெண்டாவது சொல்லு.

— மூணாவது ஒண்ணு இருக்குமே, சுருளி காலக் கழுவி விடுன்னு?

— மூணாவது, கூலி வாங்காதே, சத்தியம் வாங்கு.

— தெரியும், தெரியும். மாட்டுக்காரன் உள்ளங்கையில சாமி திருநீற வச்சு, சொன்னதச் செய்வேன்னு மொதல்ல சத்தியம் வாங்குவீக. என்ன செய்யணுங்கிறதப் பெறகுதான் சொல்லுவீக. பாலமேட்டு வண்டிக்காரன் மாட்டப் பட்டினி போட்டதுக்கு, ஒரு நாப்பூரா அவனே நொகத்தடியத் தோள்ல வச்சு வண்டி இழுத்தான். சந்தையே சிரிச்சுச்சு.

— அதுக்கப்பறம் அவன் மாடு பட்டினி கெடக்கல. மாட்ட வச்சுச் செஞ்ச தப்ப, மனுசன் ஒருதரம் தன் ஒடம்புல அனுபவிக்கணும்னு சாமி சொல்லுவாக.

— சுருளிகிட்ட என்ன கேப்பீக? கள்ளுக் குடிக்காதேன்னா?

— பொறு. அந்தா அவனே வாரான். நீ வாயத் தொறக்காதே.

— அண்ணே, கும்புடுறேண்ணே. அடடே, தங்கச்சியும் இருக்கா. என் மேல வருத்தம் இருக்கும், என்ன செய்ய? விதி. மாடு பொழைக்குமாண்ணே?

— பொழைக்கும் சுருளி. வேப்பெண்ணெயில கற்பூரத்தக் கரைச்சு ஊத்தினா புழு கொட்டிரும். தைக்கு இன்னும் நாப்பது நாள் கெடக்கு. அதுக்குள்ள பழைய பலம் வந்துரும். கொம்பு எப்படிப் புண்ணாச்சு?

— மரத்துல முட்டிருச்சுண்ணே.

— அந்த மரத்துல அரம் மொளைச்சிருந்துச்சோ? ராவின தடம் வரி வரியாக் கெடக்கு. பொய் சொன்ன நோவுக்கு மருந்து புடிக்காது.

— லேசாச் சீவினேண்ணே. கை தவறிக் குருத்து வரைக்கும் எறங்கிருச்சு.

— கொம்ப மழுக்கித்தான் வாடிவாசல்ல விடணும்னு ஊர்க்கட்டுப்பாடு.

— யாருண்ணே தடவிப் பாக்குறா?

— மூணு வருசத்துக்கு முந்தியும் சீவினியா?

— பழச எதுக்குண்ணே கிண்டுறீக?

— புண்ணு எம்புட்டு ஆழம்னு தெரியாம மருந்து போட முடியாது.

— சீவினேன். அதுக்கு முந்தின தையில பேயாண்டி என் மாட்டுத் திமில அணைஞ்சு, மூணு துள்ளு தொங்கினான். ஊரே கைதட்டுச்சு. நான் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வீடு வந்தேன். ஆத்திரம்ணே. வைக்கப் பொம்மைக்கு அவன் கட்டுற மாதிரிச் செவப்புத் துண்டக் கட்டி, திமில்ல கை பட்டா வயித்தக் குத்துற மாதிரிப் பழக்கினேன். சாகணும்னு நெனைக்கல, ஆத்தா சத்தியமா.

— அடப்பாவி! இந்த வாயாலயா தங்கச்சின்னு கூப்புட்ட?

— பொறு தங்கப்பொண்ணு. திருநீத்துச் சம்படத்த எடு. சுருளி, சத்தியம் வைக்கிறியா, மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறியா?

— வைக்கிறேண்ணே. இந்த மாடு இல்லாட்டி எனக்கு ஊருல ஏது மூஞ்சி? சாமி திருநீறு சாட்சியா, நீங்க சொல்றதச் செய்வேன். தவறினா என் வம்சம் அத்துப் போகட்டும்.

— கேட்டியா தங்கப்பொண்ணு?

— கேட்டேன்.

— வர்ற தையில உன் மாடு வாடிவாசல விட்டு வெளிய வரும்போது, மொத ஆளா நீ அணையணும், சுருளி. மூணு துள்ளு. திமில விடக்கூடாது.

— அண்ணே! அது என்னையக் கொன்னுரும்!

— மரத்துல முட்டுற மாடு மனுசனக் கொல்லுமா?

— வளத்தவன்னு பாக்காதுண்ணே! திமிலத் தொட்டா குத்தத்தான் அதுக்குத் தெரியும். வேற எதையும் நான் பழக்கல.

— நல்ல வாத்தியார். பரீட்சையையும் நீயே எழுது.

— அப்பக் கொம்ப மழுக்கிக்கிறேன்.

— புண்ணு ஆறிச் சதை கூடுற வரைக்கும் கொம்புல அரம் படக்கூடாது. வைத்தியனாச் சொல்றேன்.

— மருந்தே வேணாம், ஆள விடுங்க! நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்.

— கையில திருநீறு இருக்கு சுருளி. மாடு பொழைக்கிறதுக்கு நான் பொறுப்பு. எண்ணெய நானே காச்சி, நானே ஊத்தி, ஒரு கொறையும் இல்லாம நிறுத்துவேன்.

— மச்சான், இது சாமி வச்ச மொறைதானா?

— மொறை சாமியோடது, தங்கப்பொண்ணு. ஆளு என்னோடது.

— சாமி இத ஒத்துக்கவே மாட்டாரு! வச்ச சத்தியத்த அவுத்துவிட அவருக்கு அதிகாரம் உண்டு. இப்பவே அழகர்மலைக்கு ஓடுறேன். கால்ல விழுந்து அழுவேன். அவரு வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நீங்க மீற முடியுமா?

— முடியாது. அவுக சொன்னா நானே உன் கால்ல விழுறேன். போ சுருளி, வெரசாப் போ. இன்னைக்கு விடியக்காலம்தான் சாமியக் குழியில உக்கார வச்சு மண்ணு தள்ளிட்டு வந்தேன். எந்த எடம்னு இன்னும் அடையாளம் தெரியும்.