முன்வாங்கு

— அப்ப எனக்குத் திருவிருந்து இல்லையெண்டு சொல்லத்தான் பொலிதேயாமாச் சதுக்கம் வரைக்கும் நடந்து வந்தனியோ, அனிற்றா?

— இல்லையெண்டு சொல்லேல்லை, ஏர்னஸ்ற் ஐயா. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னாலை எழும்பி, குகனேஸ்வரி அக்காவிட்டை மன்னிப்புக் கேட்டால் உண்டெண்டு போதகர் சொன்னவர்.

— தள்ளி நில், படி இன்னும் காயேல்லை. இருபத்தாறு வருசமா இந்தக் கட்டிடத்துக்குப் போர்த்தியேரே, வாசல் காவல்காரன் நான். வாசலும் என்ரை, ஆறு மாடிப் படியும் என்ரை. இங்கை குடியிருக்கிற ஒரு சிஞ்ஞோரா அம்மாவிட்டையும் இண்டுவரைக்கும் மன்னிப்புக் கேட்டதில்லை.

— கேக்கிற மாதிரி அவையளுக்கு நீங்கள் ஒண்டும் செய்யேல்லை.

— இவளுக்கு என்ன செய்தனான்? சொல்லு பாப்பம்.

— அக்கா முதல்முதலா வந்த அண்டைக்குப் பொட்டோடை முதல் வரிசை முன்வாங்கிலை இருந்தவ. ஞானஸ்நானம் எடுத்த ஆக்களின்ரை இடம், பின்னாலை போ எண்டு எல்லாருக்கும் கேக்க எழுப்பினனீங்கள்.

— சபை மூப்பன் எண்டால் வாங்கைப் பாக்கத்தான் வேணும். போர்கோ வெக்கியோவிலை எங்கடை சபை கூடுற இடம் முந்தி மீன்பெட்டி அடுக்கின கராஜ். நாத்தம் போக மூண்டு கிழமை கழுவினது ஆர்? அந்த வாங்கைத் தோளிலை சுமந்து வந்தது ஆர்? உன்ரை பவுல் போதகர் அப்ப காற்சட்டைப் பொடியன்.

— அவர் பிரசங்கத்திலை உங்கடை பேரை ஒருக்காலும் எடுக்கேல்லை.

— எடுக்காமல்தானே குத்தினவர். நானூறு வருசத்துக்கு முந்திச் செத்த ஒரு இங்கிலீசுக்காரன்ரை பிரசங்கத்தைக் கொண்டு வந்து… என்ன பேர் அந்த ஆக்களுக்கு?

— பியூரிட்டன்கள்.

— அவன் தாழ்மையைப் பற்றி எழுதினவனாம். பவுல் வாசிக்க வாசிக்கச் சனம் முழுக்க என்ரை பிடரியைப் பாத்தது. அவனுக்கு என்னை எப்பிடித் தெரியும்?

— தெரியாமல் எழுதியே உங்களுக்குச் சுட்டிருக்கு, ஐயா.

— வாய் உனக்கு.

— அதிலை இன்னொண்டும் இருந்தது. வாசலுக்கு வாற ஆளுக்கு இடம் குடுக்கிறது சபையின்ரை கடமையாம். பிழை விட்டவரைத் திருத்திறதும் கடமை, திருந்தினால் திரும்பச் சேர்க்கிறதும் கடமையாம்.

— பெரிய கடமை. மூண்டு ஞாயிறா நான் அந்தப் பக்கம் வரேல்லை. ஒரு குஞ்சு தேடி வந்ததோ?

— நான் வந்திருக்கிறன்.

— இண்டைக்குத்தானே.

— திருவிருந்து இல்லாமல் மூண்டு கிழமை எப்பிடி இருந்தது, ஐயா?

— …சோறு இறங்கேல்லை. அதைப் பவுலுக்குச் சொல்லிப்போடாதை.

— சொல்லமாட்டன்.

— சரி, எழும்பி நிக்கிறன். ஆனால் ஒண்டு. எங்கடை சபையிலை இதுவரைக்கும் ஒருத்தனும் நாலுபேருக்கு முன்னாலை எழும்பி மன்னிப்புக் கேட்டதில்லை. எனக்கு முந்தி வேறை ஆரையும் எழுப்பக் கூடாது. முதல் நிண்ட ஆள் ஏர்னஸ்ற் எண்டு நாளைக்குச் சனம் சொல்ல வேணும். தாழ்மையெண்டாலும் அதிலை நான் ஒருத்தருக்கும் பின்னாலை போகமாட்டன்.

— அது இனி ஏலாது, ஐயா.

— ஏன்? ஆர் முந்தினது?

— குகனேஸ்வரி அக்கா. போன ஞாயிறு மொண்டெல்லோ ரெஸ்ரோறன்ற் வேலைக்கு லீவு போட்டிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து, நீங்கள் காட்டின அந்தக் கடைசி வாங்கிலையே எழும்பி நிண்டவ. "என்னாலை ஒரு பெரியவர் சபைக்கு வராமல் நிக்கிறார், எல்லாரும் என்னை மன்னியுங்கோ" எண்டு கேட்டவ.