பச்சை டேப்

மழை பெய்யும்போது நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பிடிக்கும், ஐயா. ஜன்னலுக்கு வெளியே மாரண்டஹள்ளியின் தக்காளி வண்டிகள். மடியில் பனி பெய்யும் ஏதோ ஒரு தேசம்.

எங்கள் உழவர் நூலகத்தில் இதழ்களுக்கு நிற டேப் ஒட்டும் ஏற்பாடு என்னுடையது. ஆய்விதழுக்குப் பச்சை. அதில் வரும் கட்டுரையை வேறு அறிஞர்கள் படித்துக் குறை சொல்லித் திருத்திய பிறகே அச்சிடுவார்கள். பூச்சிமருந்துக் கம்பெனிகள் நடத்தும் தொழில் இதழுக்கு மஞ்சள். வாரப் பத்திரிகைக்குச் சிவப்பு. மஞ்சளிடம்தான் கவனம் வேண்டும். அதிலும் வரைபடம் இருக்கும், டாக்டர் பட்டம் இருக்கும். பின்னட்டை விளம்பரத்தைப் பார்த்தால்தான் யாருடைய குரல் என்று தெரியும்.

விவசாயிகள் பின்னட்டையைப் பார்ப்பதில்லை. "பச்சையா, மஞ்சளா?" என்று கேட்பார்கள். பச்சை என்றால் மறுபேச்சு இல்லை.

தக்காளி போடும் சென்னப்பன் ஒருநாள் என் நாவலைத் தட்டி, "எவனோ வெள்ளக்காரன் செத்ததுக்கு இவ இங்க மூக்கச் சிந்தறா பாருங்க. பொய்யப் படிக்கறதுக்கு ஒரு வேலையா சசிகலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தேன்.

மறுவாரம் வந்தார். ஊசிப்புழுவுக்கு இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கலாமா என்று கேட்டார். கலந்தால் எழும் ஆவி நுரையீரலை அரித்துவிடும் என்று பச்சை இதழில் இருந்தது. இரண்டு முறை படித்திருந்தேன். மஞ்சள் இதழ் அதே கலவையைப் புகழ்ந்தது. முகத்துக்குத் துணிகூட வேண்டாமாம்.

உள்ளே போய் மஞ்சள் டேப்பை நகத்தால் உரித்தேன். பச்சையை ஒட்டி, கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். ஓரம் சுருங்காமல் ஒட்டுவதில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு.

"பச்சைதானே கண்ணு? நானும் தீர்த்தம்மாளுந்தான் அடிக்கப்போறோம். நல்லாப் பாத்துச் சொல்லு."

நன்றாகப் பார்த்தேன். "பச்சைதாங்க மாமா."

மறுநாள் இருவரும் கலந்து அடித்தார்கள். அவர் மனைவி தீர்த்தம்மாள் அன்று மாலையே போய்விட்டார். சென்னப்பனைத் தருமபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். முகத்திலிருந்த குழாயை விலக்கி, "பச்சையிலயே தப்பாப் போட்டுட்டான் கண்ணு. நாலு எழுத்து படிச்சவ நீ, அவனுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடு" என்றார். எழுதுகிறேன் என்றேன். நான்காம் நாள் அவரும் போனார்.

மறுநாளே மஞ்சள் டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டேன். இதழ்கள் இடம் மாறிக் கிடந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து.

பொய்யைப் படிப்பவள் என்றாரே, அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஐயா. டேப் பச்சையாகத்தான் இருந்தது.