பியூலா வெட்டிய காகிதப்பூ

இருங்க... கை தட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை கேளுங்க. மார்புல ஆபரேஷன் செஞ்சுக்கிட்டு வந்து இங்க உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்குத்தான். பின்னால செவுத்துல சாஞ்சு போனை நோண்டிக்கிட்டு நிக்கிற வீட்டுக்காரங்களே... உங்களுக்கு ரொம்ப முக்கியமா!

பாளையங்கோட்டையில பியூலான்னு ஒருத்தி. ஸ்கூல் வேன் ஓட்டுறவ. தெருமுனையில அவ ஹாரன் அடிச்சா, பிள்ளைங்க வாயில இட்லியோட ஓடி வரும். அவ வீட்டுக்காரர் தங்கதுரை, ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். தங்கமான மனுஷன். அதுதான் பிரச்சினையே!

அவங்க வீட்டு கேட்ல ஒரு காகிதப்பூச் செடி. நர்சரிக்காரங்க போகன்வில்லாம்பாங்களே, அதுதான். வருஷா வருஷம் மழைக்காலம் முடிஞ்சு, தை வெயில் அடிக்க ஆரம்பிச்சதும் பியூலா அதை வெட்டி விடுவா. கோடையில அந்தத் தெருவே செவந்து கிடக்கும்.

அப்புறம்... அவளுக்குக் கட்டி வந்துச்சு. இடது மார்பை எடுத்தாங்க. மருந்து ஏத்தினாங்க, முடி போச்சு, திரும்ப முளைச்சுது. டாக்டர் சொன்னாங்க: "நல்லா இருக்கேம்மா. வேன் ஓட்டலாம். இடது கையில மட்டும் காயம் படாமப் பாத்துக்கோ, பட்டா கை வீங்கிடும்."

தங்கதுரை காதுல என்ன விழுந்துச்சு? "நல்லா இருக்கே" விழலை. "வேன் ஓட்டலாம்" விழலை. "காயம்"... அது மட்டும் விழுந்துச்சு!

"இனிமே இந்த வீட்டுக்குள்ள எதையும் வெட்டக் கூடாது"ன்னுட்டார். கடையில கத்திரி விக்கிறவர், வீட்டுக் கத்திரியை ஒளிச்சு வச்சார். வேன் சாவியைத் தன் பையில போட்டுக்கிட்டார். செடிக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணி, மாசம் தவறாம எரு. பியூலாவுக்கு நேரா நேரத்துக்கு ஜூஸ், கஞ்சி, சூப்பு. செடி எப்படி இருந்துச்சு? பச்சைப் பசேல்னு கூரை ஏறுச்சு. பூ? ஒண்ணு... ஒரு பூக் கிடையாது! இலையும் முள்ளும்தான். ரெண்டு கோடை அப்படியே போச்சு.

ஒரு தை மாசம். கேட்டுக்கு வெளிய, முன்னாடி அவ வேன்ல போன ஒரு பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு அதோட அம்மா வந்து நின்னா. "அக்கா எப்பண்ணே வேன் எடுப்பாங்க? வேற வேன்ல போக மாட்டேன்னு இவ இன்னமும் அழுறா."

தங்கதுரை சொன்னார்: "இனி எங்க எடுக்க? பாவம், அவளால முடியாதும்மா."

உள்ள பியூலா கேட்டுக்கிட்டு இருந்தா. பாவமாம். முடியாதாம். யார் சொன்னா? யாரைக் கேட்டுச் சொன்னார்?

அவர் கடைக்குப் போனதும் கத்திரியை எடுத்தா. பொண்டாட்டிக்குத் தெரியாம வீட்ல ஒளிச்சு வைக்க எடம் ஏதுங்க? அவரோட முழுக்கைச் சட்டையைப் போட்டா. தடிச்ச கையுறை மாட்டினா. டாக்டர் சொன்னதை அவ மறக்கலை! காஞ்ச குச்சியையும், ஒண்ணோட ஒண்ணு உரசுற கொம்பையும் அடியோட எடுத்தா. நீட்டி வளர்ந்ததையெல்லாம் பாதிக்கு, கணுவுக்குக் கொஞ்சம் மேல, சரிவா வெட்டினா.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், கேட்லயே நின்னுட்டார்.

"ஏட்டி... கொன்னுட்டியேட்டி!"

"என்னையுந்தான் வெட்டினாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

அவர் குனிஞ்சு, கீழ கிடந்த ஒரு கொம்பைக் கையில எடுத்தார்.

"நான் சாகலைன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லலை போலிருக்கு."

மனுஷன் வெட்டிப் போட்ட கொம்புகளுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுட்டார். "ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நான் உக்காந்திருந்த இருப்பு உனக்குத் தெரியாது, பியூலா."

அவளுக்கும் கண்ணு கலங்குச்சு. ஆனா விட்டாளா?

"தெரியும்ங்க. அதுக்காக என்னை இப்படி வெறும் இலையாவே வச்சிருக்காதீங்க. சாவியைக் கொடுங்க."

கொடுத்தார்.

நல்லாக் கேட்டுக்கோங்க... செடி பூத்த பிறகு தைரியம் வந்து அவ வேன் எடுத்தான்னு நினைக்காதீங்க. செடி மொட்டையா நிக்குது. பூக்குமா, பட்டுப் போகுமான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வாரமே ஹாரன் அடிச்சா!

செடி என்னாச்சும்பீங்க. தங்கதுரைக்குக் கை சும்மா இருக்காது. வாளியோட போவார். "வாளியைக் கீழ வைங்க! தண்ணி கூடினா இலைதான் வரும். இலை லேசா வாடட்டும், அப்புறம் ஊத்தலாம்"ம்பா. எருவையும் நிறுத்தினா. தளிர் ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளி விட்டா, பக்கத்துல ரெண்டு ரெண்டாக் கிளைச்சுது. காகிதப்பூ பழைய கொம்புல பூக்காதுங்க, புதுத் தளிர்லதான் பூக்கும். பங்குனியில அத்தனை பூ, இலையே தெரியலை. முதல்ல கேட்டைத் திறந்து பார்த்தவர் தங்கதுரைதான். தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்திக் காட்டினாராம்: "என் பொண்டாட்டி வெட்டினதுய்யா!"

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்?

கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் புடவைக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டு, கத்திக்குப் பயந்து நாள் கடத்துறாங்களே... அவங்களுக்குச் சொல்றேன். வெட்டறதுக்குன்னு ஒரு காலம் இருக்கு. அதை விட்டுடாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க!

வீட்டுக்காரங்களே, உங்க பாசம் பொய்யில்லை. ஆனா வேர் அழுகற அளவுக்குத் தண்ணி ஊத்தறதுக்குப் பாசம்னு பேர் இல்லை. வெயில்ல நிக்க விடுங்க.

என் சகோதரிகளே... "பூ வரட்டும், அப்புறம் வெளிய போறேன்"னு காத்திருக்காதீங்க. மொட்டையா இருக்கும்போதே போங்க! பாக்கறவன் பாக்கட்டும். நம்ம உடம்புல ஒரு பகுதியைத்தான் எடுக்கச் சொன்னாங்க. வாழ்க்கையை எடுத்துக் கொடுத்துடுன்னு எந்த டாக்டர் சொன்னார்? சொல்லுங்க, யாராவது சொன்னாங்களா? இல்லைல்ல?

அப்ப கொடுக்காதீங்க... எவன் கேட்டாலும் கொடுக்காதீங்க!