மஞ்சள் கொடி ஏறாத கப்பல்

கடல் மயக்கத்துக்கு இஞ்சி பிஸ்கட்டைவிட நல்ல மருந்து கிடையாது, ஐயா. லிவர்பூலிலிருந்து நியூயார்க் போகும் கப்பலில் மருத்துவராக இருந்த காலமெல்லாம் எல்லோருக்கும் அதைத்தான் கொடுத்தேன். வகுப்பு பார்த்ததில்லை. முதல் வகுப்புக்கு வெள்ளித் தட்டில், மூன்றாம் வகுப்புக்குக் கையில். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் கேட்கும் சிகுர்ட், நார்வே தச்சர். மனைவி ராக்னாவுடன் மூன்றாம் வகுப்பில் வந்தார். காய்ச்சல். மார்பிலும் கைகளிலும் சிவப்புப் புள்ளிகள். அம்மை என்று நினைத்தேன். கப்பலில் அம்மை என்றால் மஞ்சள் கொடி ஏற்றித் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். யாரும் இறங்க முடியாது.

இதை நான் விருந்து மேஜையில் சொல்லியிருக்கக் கூடாது. எதிரே இருந்த முதல் வகுப்புப் பயணி லேடி ஹாவர்லியின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"சனிக்கிழமை நியூயார்க்குல என் பொண்ணுக்குக் கல்யாணம், டாக்டர். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏற்கெனவே ஒரு மாதிரி. அம்மைன்னு காதுல விழுந்தா வேற பொண்ணு பார்க்கப் போயிடுவாங்க."

பக்கத்தில் மகள் செலினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் இளகிய மனசுக்காரன், ஐயா. இரண்டு உள்ளங்கள் சேர்வதை ஒரு துண்டுத் துணி தடுப்பதா?

நோயாளி இல்லையென்றால் கொடியும் இல்லை. மாரடைப்பு என்று சொல்லிக் கடலில் இறக்கிவிட்டால் முடிந்தது. சிகுர்ட்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"இன்னிக்குக் கஞ்சி குடிச்சாரு, டாக்டர். உப்புப் போதலன்னு என்னைத் திட்டவும் செஞ்சாரு" என்று ராக்னா அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

பெண்டாட்டியைத் திட்டுகிற நோயாளி பிழைத்துக்கொள்வான். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தாமதிக்காமல் தூக்க மருந்து கொடுத்தேன். தாராளமாகவே கொடுத்தேன்.

பிணத்தைப் பாய்த்துணியில் சுற்றித் தைக்கும் மாலுமிகள் கடைசித் தையலை மூக்கில் போடுவார்கள். உயிர் இருந்தால் தெரிந்துவிடுமாம். எங்கள் மாலுமி பிராசரும் அப்படித்தான் குத்தினான்.

"டாக்டரய்யா, ஆளு முகத்தைச் சுளிக்கிறாரு."

"செத்தவங்களும் சுளிப்பாங்க, பிராசர்."

"சரிங்கய்யா. ஆனா ஏதோ சொன்னாரே?"

"என்ன சொன்னார்?"

"அவங்க பாஷை. எனக்கென்ன எழவு தெரியும்?"

"புரியாததை எதுக்குக் காதுல வாங்குறே? தை."

தைத்தான். உடல் கிடந்த பலகையைக் கடல் பக்கம் நானே சாய்த்தேன். ஜெபமும் நான்தான் வாசித்தேன். ராக்னாவை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பெண்களுக்கு இதெல்லாம் தாங்காது. மேல்தளத்தில் இசைக்குழு செலினாவுக்காகக் கல்யாணப் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை இனிமை, ஐயா.

கப்பல் நேரத்துக்குக் கரை சேர்ந்தது. கல்யாணம் ஜோராக நடந்தது. எனக்குக்கூட கேக் அனுப்பியிருந்தார்கள்.

துறைமுக மருத்துவர் ராக்னாவைச் சோதித்தபோது அவள் கைகளிலும் அதே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மூட்டைப்பூச்சி கடிச்சிருக்கும்மா. பயப்படாதே, போ."

ஆகவே, அந்த மனிதரை உயிரோடு கடலில் தள்ளியவன் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் படுக்கையை உதறிப் போடுவது பணியாட்களின் வேலை. மூட்டைப்பூச்சிக்கெல்லாம் என்னைப் பொறுப்பாக்குவது நியாயமா, ஐயா?