உள்ளே இருந்த தகடு

தண்ணீரைப் போல ஒரு சோம்பேறி உலகத்தில் கிடையாது, சார். குறுக்குவழி ஒன்று தெரிந்துவிட்டால், சுற்றுவழிப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அதை வேலை வாங்கித்தான் என் பிழைப்பு ஓடியது.

பந்தயக் காரின் எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளப்படும் காற்று பயங்கரமாகச் சூடாகும். அதைக் குளிரவைக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். ஒரு குழாயில் நுழையும் தண்ணீர் பெட்டி முழுக்கச் சுற்றிவிட்டு, பக்கத்துக் குழாயில் வெளியேற வேண்டும். அப்படிச் சுற்றவைப்பது நடுவில் நிற்கும் ஒரு தகடு. என் மகன் ஓட்டும் காருக்கு அந்தப் பெட்டியை நான்தான் செய்தேன். வேறு யார் கை பட்டாலும் அவனுக்குப் பிடிக்காது.

மலைப் பந்தயத்தில் ஜெயித்தால் வெளிநாட்டு அணி ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. அவன் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அதனால் குழாய்களுக்கு அருகே தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி பற்றவைத்தேன். ஒழுகவில்லை, பம்பும் ஓடியது. தண்ணீர்தான் நுழைந்த கையோடு வெளியே வந்துகொண்டிருந்தது. வண்டி திணறும், தோற்பான், வீட்டோடு இருப்பான். பெற்ற வயிறு வேறென்ன நினைக்கும்?

ஒத்திகை ஓட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தான்.

"ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு வாங்குதும்மா. பெட்டியத் திறந்து பாத்துடலாமா?"

"என் பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. உன் காலுதான் சரியில்ல கண்ணு, பாத்து மிதி."

"சரிங்க முதலாளியம்மா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

கடைசி ஏற்றத்தில் சூடு தாங்காமல் எஞ்சின் இறுகிப்போய், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பள்ளத்தில் உருண்டது. என் உயிரே போய்விட்டது, சார். இடுப்புக்குக் கீழே அவனுக்கு இனி உணர்வு வராதாம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"காலு சரியில்லன்னு நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல. உன் பெட்டியப் பாழாக்கிட்டேன், மன்னிச்சுடும்மா."

"போனது போகட்டும், விடுடா" என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

பெட்டியை அறுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? வெட்டியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன் அம்மா என்று இப்போதுதான், சார், அவன் வாயால் சொல்ல ஆரம்பித்திருக்கிறான்.